பதினாறாவது கொடியில் என் கால்தடம்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதுவேன், பாதியை மறந்தும் போவேன். ஆனால் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் அதைவிடக் கஷ்டம். வீட்டுக்கு யாராவது வந்தால் காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். காகிதம் திரும்பி நம் முகத்தைப் பார்க்காது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். பெயர் யாருடையதும் போடவில்லை. போட வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.

என் மகன் கோல்ஃப் ஆடுகிறவன். பொழுது போவதற்காக ஆடுகிற பெரிய மனிதர் இல்லை, அதுதான் அவன் தொழில். அவன் அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலையில் இருந்தார். இவன் லீவு நாட்களில் அங்கே போய், ஆடுகிறவர்களின் பையைச் சுமந்து, யாரோ வேண்டாம் என்று கொடுத்த மட்டையால் அடித்துப் பழகி, கடைசியில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஆடும் அளவுக்கு வந்துவிட்டான். பரிசு வந்தால் வீட்டில் சிரிப்பு. வராத மாதங்களில் மருமகளின் சம்பளம். அவள் மேடவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். முடிச்சூரில் வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

இந்த ஆட்டத்தில் ஒரு சேம்பியன் இருக்கிறார். வடக்கத்திக்காரர், சின்ன வயதுதான். அவர் வந்த பிறகு வேறு யாருக்கும் முதல் பரிசு கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவர் வந்து நின்றால் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும் மழை, தண்ணி லாரி இதையெல்லாம்விட அவரைப் பற்றிய பேச்சுதான் அதிகம். மருமகளின் தம்பிதான் என் மகனுக்குப் பை தூக்குகிறவன். ஒவ்வொரு போட்டி முடிந்து வந்ததும் இருவரும் சாப்பிட உட்கார்ந்து இதையேதான் பேசுவார்கள்.

"மச்சான், அவுரு மனுசனே இல்ல. மிசினு. கரண்டு போனாத்தான் நிப்பாரு."

"கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடுவாருடா அவரு."

"அப்ப இன்னாத்துக்கு நாம மூட்டைய தூக்கிக்கினு ஊரு ஊரா சுத்துறோம்?"

"ரெண்டாவது யாருன்னு முடிவு பண்ண வேணாமா?"

இப்படிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் சிரித்து முடித்தபின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. அவனுக்கு ரசம் ஊற்ற நிற்கும்போது அதை நான் பார்த்திருக்கிறேன்.

நாவலூரில், உயரமாக வலை கட்டி, பந்து அடித்துப் பழகுகிற ஒரு இடம் வந்தது. ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருவார்களாம். அங்கே சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு என் மகனைக் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளம், வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்குப் போனால் போட்டிகளுக்குப் போக முடியாது. ஒருநாள் அவனாகவே மருமகளிடம் சொன்னான்:

"அடுத்த போட்டி நம்ம பக்கத்துல நடக்குது. தெரிஞ்ச மண்ணு, தெரிஞ்ச காத்து. இதுல அவரை ஜெயிச்சா ஆடிக்கிட்டே இருப்பேன். ஜெயிக்கலன்னா நாவலூருக்குப் போயிடறேன். அதுக்கப்புறம் நீ ஒரு வார்த்தை கேக்க வேணாம்."

"நான் எப்பங்க கேட்டேன்?"

"நீ கேக்கல. உன் மூஞ்சி கேக்குது."

"மூஞ்சிய இனிமே ஹேண்ட்பேக்ல வெச்சுட்டு வரேன்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது சத்தம் அதிகமாக இருந்தது.

போட்டி நான்கு நாள். மைதானம் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். மூன்று நாள் ஆடி முடித்தபோது சேம்பியன் முதலில், என் மகன் கொஞ்சம் பின்னால். முன்னால் இருக்கிறவர்கள் கடைசி நாள் கடைசியாகச் சேர்ந்து ஆடுவார்களாம். அதனால் அவனும் அவரும் ஒன்றாக ஆடும்படி ஆயிற்று. மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்களாவது போங்க அத்தை, வீட்ல ஒருத்தராவது நின்னாதான் நல்லாருக்கும்" என்று என்னை அனுப்பினாள்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. அவன் அப்பா வேலை பார்த்த இடத்துக்கும் போனதில்லை. ஆனால் அவர் சொன்னது காதில் அப்படியே இருந்தது. கொடி நட்டிருக்கிற இடத்தில் புல்லை மொழுமொழுவென்று வெட்டி வைத்திருப்பார்கள். அதில் யாராவது செருப்போடு நடந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க வீட்டில் புலம்புவார். "புல்லுல மிதிச்சா எம் முதுகுல மிதிச்ச மாதிரி இருக்குடி" என்பார். அதனால் கோல்ஃப் என்றாலே எனக்குத் தெரிந்த ஒரே சட்டம், புல்லை மிதிக்கக் கூடாது என்பதுதான்.

அன்றைக்கு மருமகளின் தம்பி என் தலையில் ஒரு தொப்பியை வைத்துவிட்டான். புடவையும் தொப்பியும். என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஓரமாகவே நடந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆட்டம் எனக்குப் பிடித்துவிட்டது. யாரும் கத்துவதில்லை. ஒருத்தர் அடிக்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுகூடச் சத்தமில்லாமல் விடுகிறார்கள். இது நமக்கு ஏற்ற ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கும் சுலபம். எத்தனை அடியில் பந்தைக் கொடிக்குக் கீழே இருக்கிற குழியில் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மொத்தம் பதினெட்டுக் கொடி. கடைசியில் குறைவாக அடித்தவர் ஜெயித்தவர்.

சேம்பியனை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். மெலிந்த ஆள். நடக்கும்போது தரையையே பார்த்துக்கொண்டு போகிறார். அவர் அடித்தால் பந்து போகிற சத்தமே வேறாக இருந்தது. என் மகன் அடித்ததும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் சொல்லக் கூடாது.

பதினைந்தாவது கொடி முடிந்ததும் மருமகளின் தம்பி என்னிடம் ஓடி வந்தான். வேர்த்துக் கொட்டியது.

"அத்தை, ரெண்டு பேரும் சமமா கீறாங்க. அவுரு ஒண்ணு விட்டாரு, மச்சான் ஒண்ணு எட்டிப் புட்ச்சிட்டாரு. இன்னும் மூணு கொடிதான்."

"நல்லா ஆடுறானா?"

"இன்னா இப்டி கேக்குறீங்க? நான் இத்தினி வருசத்துல இந்த மாதிரி பாத்ததே இல்ல. ஆனா நீங்க இங்க நிக்காதீங்க. உங்கள பாத்தா மச்சானுக்குக் கவனம் செதறுதாம். முன்னால போயி அந்தக் கொடிக்கு அந்தாண்ட வேப்பமரம் கீது பாருங்க, அங்க போய் நில்லுங்க."

போனேன். எனக்கு நடை மெதுவு. அவர்கள் அடிக்கிற இடம் தூரத்தில் பின்னால் இருந்தது. கொடியிருந்த இடத்துக்கு வந்தபோது வேப்பமரம் அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் அந்த மொழுமொழுப் புல். பாய் விரித்த மாதிரி இருந்தது. அதில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுற்றிப் போக வழி இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. புல்லை ஒட்டி ஒரு பள்ளத்தில் வெள்ளை மணல் கொட்டியிருந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், புல்லை மிதிக்காமல் நடந்து போவதற்குத்தான் மணல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தேன். மணல் சுட்டது. கால் நன்றாகப் புதைந்தது. ஓரத்தில் சருகு இழுக்கிற வாரி ஒன்று கிடந்தது. தோட்டக்காரர் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் போல என்று அதைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்றேன்.

பிறகுதான் சொன்னார்கள். அந்த மணல் பள்ளம், பந்து விழுந்தால் மாட்டிக்கொள்வதற்காகச் செய்து வைத்தது. அதில் யார் இறங்கினாலும் வெளியே வரும்போது வாரியால் இழுத்துத் தடத்தை அழித்துவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் வாரி. புல் வெட்டுகிறவர் வீட்டுக்காரிக்குப் புல்லைப் பற்றித் தெரியும். மணலைப் பற்றி எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் என் மகனுடைய பந்து வந்து புல்லில் விழுந்து நின்றது. அடுத்து சேம்பியனுடையது. கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, எம்பி, மெதுவாக உருண்டு மணலுக்குள் இறங்கியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்கள் எல்லாரும் நடந்து வந்தார்கள். சேம்பியன் மணல் ஓரத்தில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டார். பேட்டரி வண்டியில் ஒரு சார் வந்தார், சட்டம் பார்க்கிறவராம். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பந்து ஒரு குதிகால் தடத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

தடம் ஒன்றுதான் என்றால்கூடப் பரவாயில்லை. வரிசையாக மணலைக் கடந்து, கரையேறி, நேராக வேப்பமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நான், கையில் செருப்பு, காலெல்லாம் மணல், தலையில் தொப்பி.

என் மகன் அந்தத் தடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்மா. நீயாம்மா?"

தலையை ஆட்டினேன். அவன் திரும்பி அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். மதர் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் சேர்ந்து என்னைப் பார்த்தது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்காவது தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்று இருந்தது. இங்கே குனிந்தால் என் கால்தான் தெரிந்தது.

சேம்பியன் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அந்த சாரிடம் என் மகன் பேசிக்கொண்டே இருந்தான். தடத்தை அழித்துவிட்டு அவர் மறுபடி வைத்து ஆடட்டும் என்று கேட்டானாம். அவர் முடியாது என்றுவிட்டார். பந்து விழுவதற்கு முன்னாலேயே இருந்த தடம், அதனால் கிடக்கிறபடியேதான் அடிக்க வேண்டுமாம். சேம்பியனும் சரி என்று தலையாட்டினாராம். இதெல்லாம் மருமகளின் தம்பி அப்புறம் சொன்னது.

அவர் மணலில் இறங்கினார். அடித்தார். மணல் பறந்தது. பந்து மேலே எழும்பி, கரையில் பட்டு, திரும்ப உருண்டு மணலுக்கே வந்துவிட்டது.

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. பந்து திரும்ப உருண்டு வந்ததே, அந்த நேரத்தில் என் வயிறு குளிர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. யாருக்கும் தெரியாது. முகத்தில் காட்டியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் மிதித்ததற்கு வெட்கப்பட்டால் அது ஒரு விதம், துடைத்துவிட்டுப் போகலாம். இது அப்படி இல்லை.

அடுத்த அடியில் அவர் பந்தை வெளியே எடுத்துக் கொடிக்குக் கிட்டே வைத்துவிட்டார். எப்படித்தான் வைத்தாரோ. ஆனால் ஒரு அடி வீணாகிவிட்டது. என் மகன் ஒரு அடி முன்னால் போனான். மிச்சம் இரண்டு கொடியிலும் இருவரும் சமம். என் மகன் ஜெயித்தான். ஒரே ஒரு அடியில். அந்த ஒரு அடியும் எது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

கை தட்டினார்கள். மருமகளின் தம்பி என் மகனைத் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே வைத்தான். சேம்பியன் அவன் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் வந்து ஏதோ சொன்னார். நான் மருமகளின் தம்பியைப் பார்த்தேன்.

"அடுத்த வாட்டி உங்க புள்ள பந்து வுழுற மணல்ல நடங்கன்றாரு அத்தை. வெளாட்டுக்குத்தான், பயப்படாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல மனிதர். என் மகனும் சிரித்தான், ஆனால் சாப்பிட உட்காரும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்தால் மருமகள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். போனிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேசரி கொண்டு வந்தார்கள். அவர்கள் போன பிறகு, அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"நாவலூர் சார்கிட்ட டைம் கேக்கணும். இன்னொரு போட்டி ஆடிட்டுச் சொல்றேன்."

"எதுக்கு டைம்?" என்றாள் மருமகள். "ஜெயிச்சாதான் ஆடுவேன்னு சொன்னீங்க. ஜெயிச்சாச்சு. வேலை வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே? எனக்கு இப்ப நிஜமாவே சந்தோஷங்க."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான். கோப்பை நம்மளுது. அவரை ஜெயிச்சேனான்னு கேட்டா எனக்குத் தெரியல."

"பேப்பர்ல போடுவாங்க. அவங்களுக்குத் தெரியும்."

"பேப்பர்காரனுக்காகவா நான் இத்தனை வருஷம் ஆடினேன்?"

அவள் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் என்னைப் பார்க்காமலே, "உன்னைச் சொல்லலம்மா, அது பறவை கால் வெச்ச தடமா இருந்தாலும் அதே ரூல்தான்" என்றான். ஆனால் பறவையின் மகன் அந்தப் போட்டியில் ஆடவில்லையே.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவனுக்குக் கோப்பை வேண்டியிருக்கவில்லை. தன்னால் முடியுமா முடியாதா என்று ஒரு பதில் வேண்டியிருந்தது. இருவரும் சமமாக நின்றார்கள், மூன்று கொடி மிச்சம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பதில் கிடைத்திருக்கும். ஆம் என்றோ இல்லை என்றோ. அதை நான் மிதித்துவிட்டேன்.

அடுத்த போட்டிக்கு வெளியூர் போனான். அங்கே சேம்பியன் ஜெயித்தார். பின்தங்கியவர்களை இரண்டு நாளோடு அனுப்பிவிடுவார்களாம், இவன் இரண்டு நாளிலேயே திரும்பி வந்துவிட்டான். அதற்கடுத்த போட்டியிலும் அவர்தான். இவன் எங்கேயோ நடுவில். மூன்றாவது போட்டிக்கு அவன் மூட்டை கட்டவில்லை. ஒருநாள் காலையில் குளித்து, கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு, நாவலூருக்கு பஸ் ஏறினான். மருமகள் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் கேட்டது நடந்துவிட்டது, ஆனால் அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. உள்ளே வந்ததும் என்னிடம், "அன்னிக்கே தோத்துப்போய்ப் போயிருந்தா திட்டிட்டாவது இருப்பேன் அத்தை" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். மட்டைகளை எல்லாம் வரிசையாக வைத்து சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். பொரி கடலை கொடுத்தார்கள். ஆபீஸ் சுவரில் என் மகன் கோப்பையோடு நிற்கிற படம் பெரிதாக மாட்டியிருந்தது. கீழே தமிழிலும் இங்கிலீஷிலும், சேம்பியனை வென்றவர் என்று எழுதியிருந்தது. பிள்ளையைக் கூட்டி வந்த ஒரு அப்பா அதைப் படித்துவிட்டு என் மகனிடம் கேட்டார்:

"சார், நிஜமாவே அவரை அடிச்சீங்களா? யாராலயும் முடியாதுன்னு சொல்றாங்களே?"

"நான் எங்க சார்? எங்க அம்மாதான் அடிச்சாங்க. இதோ நிக்கிறாங்க பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பொரி கையிலேயே இருந்தது. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி அங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் சொல்கிறானாம். பையன்களுக்கு அது பிடித்த கதையாகிவிட்டதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டமில்லை. கேட்டுவிட்டேன்.

"நான் நடக்காம இருந்திருந்தா, உன்னால முடிஞ்சிருக்குமாப்பா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான்:

"முடிஞ்சிருக்கும்னு சொன்னா உனக்கு இன்னும் கஷ்டம். முடிஞ்சிருக்காதுன்னு சொன்னா எனக்குக் கஷ்டம். விடும்மா."

"யாராவது ஒருத்தர் அவரை ஜெயிப்பாங்களா?"

"ஜெயிப்பாங்க. யாரோ ஒரு பையன் வருவான். அவங்க அம்மா வீட்லயே இருப்பாங்க" என்றான். என் கையைத் தட்டினான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. பதினாறாவது கொடி என்று எழுதியிருக்கிறேன், பதினேழாவதாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சட்டம் பார்க்கிற சார் சொன்னதையும் நான் கேட்டதை வைத்துத்தான் எழுதினேன், அந்தச் சட்டம் அப்படித்தானா என்று தெரியாது. கோல்ஃப் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, நாவலூரில் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிற வரி சரிதானா என்று பார்க்க வேண்டும். தப்பென்றால் என் மகனிடம் சொல்ல வேண்டாம். ஆபீஸில் சொல்லுங்கள், அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். சரியென்றால் அவனிடமே சொல்லுங்கள். நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான்.